மார்டினி-ஹென்றிக்கு ஒரு பித்தளைக் கூடு

துப்பாக்கி வீட்டுக்கு வந்து பதினோரு மாதம் கழித்துத்தான் அது முதல் முறையாக வெடித்தது. அந்தப் பதினோரு மாதமும் துப்பாக்கிக்காகச் செலவாகவில்லை. அதில் போடும் தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்காகச் செலவாயிற்று. கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய, ஒரு பக்கம் திறந்த குப்பி. அதைச் சாதாரணத் தோட்டாக் கடையில் கேட்டால் எடுத்துத் தரமாட்டார்கள். நானே செய்துகொள்வது என்று இறங்கினேன்.

துப்பாக்கி ஒரு மார்டினி-ஹென்றி, பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி. அதில் மார்க் 4, அதாவது நாலாவது மாதிரி. ஒரு பக்கம் கிரீடமும் விக்டோரியா ராணியின் வி.ஆர். எழுத்தும் என்ஃபீல்டு ஆயுத ஆலையின் பெயரும். குழலில் தேவநாகரி எண்கள். இங்கிலாந்தில் செய்து, நேபாளத்துக்குப் போய், அங்கே லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனையில் ஒரு நூற்றாண்டு தூசியில் கிடந்தது. 2003-இல் அமெரிக்க வியாபாரிகள் அந்தக் கிடங்கை அப்படியே வாங்கிக் கப்பலேற்றினார்கள். அதிலிருந்து வந்த பல்லாயிரத்தில் ஒன்று என்னுடையது. கறுத்து இறுகிப்போன களிம்பைச் சுரண்டி எடுக்கவே எனக்கு இரண்டு வாரம் ஆனது.

நான் இருப்பது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில். 1898-க்குள் செய்த இந்த மாதிரித் துப்பாக்கியை இங்கே மத்தியச் சட்டம் பழம்பொருளாகவே கருதுகிறது. சொந்த உபயோகத்துக்குத் தோட்டா கட்டிக்கொள்ளவும் தடை இல்லை. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். ஊரிலிருந்து படிப்பவர்கள் இதைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழைய ராணுவத் துப்பாக்கிகளோடு பழகப் பழக ஒன்று புரிகிறது. முதலில் சாவது தோட்டாதான். எஃகும் வால்நட் மரமும் எண்ணெய் கண்டால் நூற்றைம்பது வருஷம் தாங்கும். தோட்டா அப்படியில்லை. அதைச் செய்யும் ஆலை கடைசிப் பெட்டியை ஆணி அடித்து மூடிய நாளிலிருந்து உலகத்தில் அதன் எண்ணிக்கை குறையத் தொடங்குகிறது. சுட்டால் தீரும், சுடாவிட்டால் கெடும். தோட்டா இல்லாத துப்பாக்கி சுவரில் மாட்டும் இரும்பு. நான் மதிப்பது அதற்குத் தோட்டாவைத் திரும்பக் கொண்டுவரும் கைவேலையை. என் ராத்திரிகளை அதற்குக் கொடுத்ததில் எனக்கு ஒரு துளி வருத்தமும் கிடையாது.

மார்டினி-ஹென்றியின் முதல் தோட்டாவைப் பார்த்தவர்கள் இது எப்படி வெடித்தது என்றுதான் கேட்பார்கள். உல்விச்சில் இருந்த ராயல் லேபரட்டரியின் கர்னல் எட்வர்ட் பாக்ஸர் வடிவமைத்தது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனமே உள்ள பித்தளைத் தகட்டைச் சுருட்டி, அடியில் இரும்பு வட்டு வைத்துப் பொருத்தியது. உள்ளே 85 கிரெயின் கருமருந்து, அதாவது ஐந்தரை கிராம். அதன் மேல் அட்டை வில்லைகளுக்கு நடுவே தேன்மெழுகு. அதற்கும் மேலே காகிதம் சுற்றிய 480 கிரெயின் ஈயக் குண்டு, 31 கிராம். மருந்து வெடிக்கும்போது சுருட்டிய தகடு கொஞ்சம் பிரிந்து விரிந்து, குழலில் தோட்டா உட்காரும் பின்வாயை அடைத்துக்கொள்ளும். அந்தச் சிந்தனை எனக்கு இன்றும் பிடித்திருக்கிறது. வளைந்துகொடுக்கிற மெல்லிய பொருளை வைத்தே அழுத்தத்தை அடைப்பது.

ஆனால் போர்க்களம் வேறு. 1871-இல் மார்டினி-ஹென்றி பிரிட்டிஷ் பட்டாளத்துக்கு வந்தது, 1879-இல் தென்னாப்பிரிக்காவின் ஜூலூ போரில் இசாண்டில்வானாவிலும் ரோர்க்ஸ் ட்ரிஃப்டிலும் வெடித்தது. அடுத்தடுத்துச் சுடும்போது குழல் சூடாகும். சூட்டில் மெல்லிய தகடு உள்ளே ஒட்டிக்கொள்ளும். வெளியே தள்ளும் கொக்கி இரும்பு வட்டை மட்டும் பிய்த்து எடுத்துவிடும், தகடு உள்ளேயே தங்கிவிடும். 1885 ஜனவரியில் சூடானின் அபு க்ளியாவில் மணலும் சேர்ந்துகொண்டது. எதிரி பத்தடி தூரத்தில் வரும்போது கையில் இருப்பது அடைத்துக்கொண்ட குழல் என்றால் அந்தச் சிப்பாய்க்கு எப்படி இருந்திருக்கும்! அதற்கப்புறம்தான் ஒரே பித்தளைத் துண்டிலிருந்து இழுத்துச் செய்த கெட்டிக் கூடு வந்தது. மார்க் 4-இல், பின்வாயைத் திறந்து கூட்டை வெளியே தள்ளும் லீவரையும் நீளமாக்கினார்கள். சிக்கிய கூட்டைப் பிடுங்க அதிகப் பலம் கிடைக்கட்டும் என்று. என் துப்பாக்கியின் பிடிக்குக் கீழே அளவுக்கு மீறி நீண்டிருக்கும் அந்த லீவரைப் பார்க்கிறவர்கள் அழகுக்கு என்று நினைக்கிறார்கள். மோசமான ஒரு தோட்டாவின் தழும்பு அது.

தோட்டாவின் பெயர் 577/450. இதைச் சாய்கோட்டோடுதான் எழுத வேண்டும், இரண்டு எண்ணும் சேர்ந்துதான் கதை. 1866-இல் பிரிட்டிஷ் பட்டாளம் தன் பழைய வாய்வழி மருந்து இடிக்கும் என்ஃபீல்டுத் துப்பாக்கிகளின் பின்பக்கத்தை வெட்டி, பின்னாலிருந்து தோட்டா போட ஜேக்கப் ஸ்நைடர் என்ற அமெரிக்கரின் கதவைப் பொருத்தியது. அந்த ஸ்நைடரின் குழல் 0.577 அங்குலம். மார்டினிக்கு 0.450 அங்குலக் குழல் வேண்டும், அதில் 85 கிரெயின் மருந்தும் கொள்ள வேண்டும். ஒல்லியாக நீட்டினால் தோட்டா வளைந்து ஒடியும். அதனால் ஸ்நைடரின் தடித்த உடம்பை எடுத்து, மேலே கழுத்தை மட்டும் சிறுத்துவிட்டார்கள். அடியில் 17 மில்லிமீட்டர், கழுத்தில் பன்னிரண்டரைக்குக் கிட்டத்தட்ட. பார்க்க ஒரு சின்னக் கூஜா மாதிரி இருக்கும்.

இதில்தான் எனக்கு வழி கிடைத்தது. வேட்டைத் துப்பாக்கியில் 24 கேஜ் என்றால், ஒரு பவுண்டு ஈயத்தை 24 உருண்டையாக்கினால் ஓர் உருண்டை எந்த அளவோ, அந்த அளவுக் குழல். கணக்குப் போட்டால் 0.579 அங்குலம். ஸ்நைடருக்கு ஒரு மயிரிழை மேலே. இரண்டும் பங்காளிகள்! பிரேசிலில் இன்றைக்கும் 24 கேஜ் வேட்டைத் துப்பாக்கிக்கு முழுப் பித்தளைக் கூடு செய்கிறார்கள். நேராக, குழாய் மாதிரி, 63 மில்லிமீட்டர் நீளம். எனக்கு வேண்டியது 60-க்குக் கொஞ்சம் குறைவு. மார்டினிக்காரர்கள் பல வருஷமாக இதைத்தான் பிடித்து நசுக்கிக் கூடாக்குகிறார்கள். மற்ற துப்பாக்கிகளுக்கும் இப்படி ஏதாவது பங்காளிக் கூடு இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களின் லெபல் துப்பாக்கிக்கு வின்செஸ்டர் 348 தோட்டாவின் கூட்டை எடுத்து வெட்டித் தேய்த்துக்கொள்கிறார்கள்.

சரி, கூடு செய்யும் முன் குழலின் பின்வாய் உண்மையில் எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு துப்பாக்கியும் தேய்ந்த கதை வேறு. வரைபடத்தில் போட்ட அளவை நம்பி இறங்கக் கூடாது. இதற்கென்று செரோசேஃப் என்ற கலப்பு உலோகம் விற்கிறது. பாதிக்குக் கொஞ்சம் குறைவாக பிஸ்மத், மீதி ஈயமும் தகரமும் காட்மியமும். கொதிக்கும் தண்ணீரின் சூடுகூட வேண்டாம், 88 டிகிரிக்குள் முழுக்க உருகிவிடும். குழலுக்குள் துணியைத் திணித்து அடைத்து, பின்வாயில் ஊற்றினால் சில நிமிஷத்தில் இறுகும். முதலில் லேசாகச் சுருங்குவதால் அலுங்காமல் வெளியே வரும். அப்புறம் மெல்ல விரிந்து, ஒரு மணி நேரத்தில் பின்வாயின் நிஜ அளவுக்கு வந்து நிற்கும். அந்த ஒரு மணி நேரம் நான் வெர்னியர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். சாம்பல் நிறத்தில், கண்ணாடி மாதிரி வழவழப்பாக, 130 வருஷத்துக்கு முன் என்ஃபீல்டில் ஒருவர் கடைந்த வெற்றிடம் இப்போது மேஜை மேல் உருவமாக நின்றது. கடைசல் கத்தி விட்ட வளையக் கோடுகள்கூடத் தெரிந்தன. அதை இன்னும் உருக்காமல் வைத்திருக்கிறேன்.

அடுத்தது பித்தளை. எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். இதை நசுக்க நசுக்க அது இறுகிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் பிளந்துவிடும். கும்பகோணத்தில் பாத்திரப் பட்டறை வைத்திருந்த பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். என்ன செய்கிறேன் என்று முழுக்கச் சொன்னேன். துப்பாக்கியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எத்தன கனம்டா தகடு?"

"வாய்ப் பக்கம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது பெரியப்பா. அடிப்பக்கம் கெட்டி."

"அப்ப ஒரே மூச்சுல அமுக்கிப்புடாத தம்பி. பித்தள கோவிச்சுக்கும். கொஞ்சம் அடி, காச்சு, ஆறவிடு, மறுபடி அடி. செவக்கச் செவக்கக் காச்சாத. செவப்பு எட்டிப் பாக்குறப்பவே எடுத்துடணும்."

உலோகவியல் புத்தகம் பல பக்கத்தில் சொல்வதும் இதுதான்: இறுகிய பித்தளையைக் காய்ச்சினால் மறுபடி இளகும். கூட்டைத் தட்டில் நிற்க வைத்து, அதன் பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவேன். அடிப்பக்கம் இளகவே கூடாது, வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். அறை விளக்கை அணைத்துவிட்டு மேல்பாதியில் சுடர் காட்டுவேன். மஞ்சள் மங்கும், நீலமும் ஊதாவும் ஓடும், அப்புறம் நிறமே இல்லாத ஒரு கணம். அதற்கடுத்து, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு ஒரு சிவப்பு. அப்போதே குச்சியால் தட்டித் தண்ணீரில் சாய்த்துவிட வேண்டும். எஃகைச் சுட வைத்துத் தண்ணீரில் முக்கினால் கடினமாகும். பித்தளையை முக்கினாலும் இளக்கம் போகாது. தண்ணீர் அதற்குச் சூட்டை நிறுத்தும் வேலை மட்டும்தான் செய்கிறது.

இளகிய கூட்டின் மேல் வழுக்குவதற்கு லனோலின் என்ற கம்பளிக் கொழுப்பைத் தடவி, கையால் அழுத்தும் பிரஸ்ஸில் வைத்து, கழுத்தைக் குறுக்கும் அச்சுக்குள் ஏற்றுவேன். ஒரே தடவையில் பன்னிரண்டரைக்குப் போக முடியாது. மூன்று அச்சு, நடுநடுவே காய்ச்சல். கை பிடித்திருக்கும் பிரஸ்ஸின் லீவரில் எல்லாம் தெரியும். நன்றாகப் போகும்போது வெண்ணெய்க்குள் கத்தி இறங்குவது போல ஒரே சீரான எதிர்ப்பு. திடீரென்று எதிர்ப்பு விட்டுப்போனால் எங்கோ மடிந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு நாலாவது கூட்டில் அப்படி விட்டது. வெளியே எடுத்தால் கூட்டின் தோளில், கழுத்து தொடங்கும் சரிவில், விரல் நுனி அளவுக் குழி. லனோலின் அதிகமாகி, போக வழியில்லாமல் அச்சுக்கும் பித்தளைக்கும் நடுவே தேங்கி அமுக்கியிருக்கிறது. ஒன்பதாவதில் நேரம் மிச்சம் பிடிக்க ஒரு காய்ச்சலை விட்டேன். கழுத்து நெடுகக் கீறிவிட்டது. ஒரு பெட்டியில் 25 கூடு. கடைசியில் கையில் நின்றது 20.

இளக்குவதன் அருமையைப் பிரிட்டிஷ் பட்டாளம் கற்றுக்கொண்ட இடம் இந்தியாதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குதிரை லாயங்களில் தோட்டாப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மழைக்காலம் வந்தால் சுடாத தோட்டாக்களின் கூடுகள் தாமாகவே விரிசல் விட்டன. அந்தப் பருவத்தை வைத்தே ஆங்கிலத்தில் இதற்குப் 'பருவ விரிசல்' என்று பொருள்படும் பெயர் விழுந்தது. 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் காரணத்தை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியா, ஈரக் காற்று, கூட்டை இழுத்துச் செய்தபோது பித்தளைக்குள் தங்கிப்போன இறுக்கம். மூன்றும் சேர்ந்தால் விரிசல். இளக்கிவிட்டால் இறுக்கம் போய்விடும். இன்றைக்குத் தோட்டாக் கூடுகளின் கழுத்தில் நீல ஊதா நிறம் படிந்திருப்பதைப் பார்க்கலாம். இளக்கிய சுவடு அது. அந்த நிறத்தை நான் பார்க்கும்போதெல்லாம் ஏதோ ஒரு பாளையத்தின் ஈரமான லாயம் ஞாபகத்துக்கு வரும்.

அதனால் அமோனியா கலந்த பாலிஷ் எதையும் என் கூடுகள் பக்கம் விடுவதில்லை. புளிதான். அம்மா குத்துவிளக்குக்குப் போடும் அதே புளிக்கரைசல், பத்து நிமிஷம் ஊற வைத்து, நிறையத் தண்ணீரில் அலசல்.

மருந்துக்கு வருகிறேன். இந்தத் துப்பாக்கிக்குக் கருமருந்து மட்டும்தான். 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் என்ற பழைய கலவை. கம்பெனி காலத்தில் பிரிட்டிஷ்காரர்களுக்கு அந்த வெடியுப்பில் பெரும்பகுதி பீகாரிலிருந்துதான் போயிற்று. புகையில்லாத நவீன மருந்தை இந்தப் பழைய எஃகில் போடுவது உயிரோடு விளையாடுவது. நான் போடும் அளவை இங்கே எழுதவில்லை. பழைய தகட்டுக் கூட்டின் கொள்ளளவும் இதன் கொள்ளளவும் ஒன்றல்ல, ஒருவர் அளவு இன்னொருவர் துப்பாக்கிக்குப் பொருந்தாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: கருமருந்துக்கு மேலே வெற்றிடம் இருக்கவே கூடாது. மிச்ச இடத்தை நிரப்ப மார்டினிக்காரர்கள் போடுவது கோதுமை ரவை. உப்புமா ரவையேதான். தோட்டாவுக்கும் ரவை என்று பெயர் வைத்திருக்கும் மொழியில் வளர்ந்தவனுக்கு இதைக் கேட்டபோது உண்டான சந்தோஷம் தனி. எங்கள் வீட்டில் பாதி ரவை அடுப்படியிலும் பாதி என் மேஜையிலும் இருக்கிறது.

குண்டை நானே வார்க்கிறேன். பெயர் 450 என்றாலும் இந்தக் குழலின் உட்புறம் வெட்டியிருக்கும் ஏழு பள்ளங்களையும் நிரப்ப 0.468 அங்குலக் குண்டு தேவைப்பட்டது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இப்போது வேண்டாம்.

முதல் வெடியைத் தோளில் வைத்துச் சுடவில்லை. துப்பாக்கி பழுதுபார்ப்பவர் ஒருவர் குழலைச் சோதித்துச் சரி என்று சொன்ன பிறகும், பழைய டயரில் கட்டி வைத்து, சுவருக்குப் பின்னால் நின்று கயிற்றால் விசையை இழுத்தேன். சுடுதளத்தில் ஒரு பெரியவர் உண்டு, ஸ்நைடர் வைத்திருக்கிறார், என்னைவிட இருபது வயது மூத்தவர். அவர்தான் கூட்டின் விளிம்பை ஒட்டி ஒரு ரப்பர் வளையம் மாட்டச் சொல்லிக் கொடுத்தார். வேட்டைத் துப்பாக்கிக் கூட்டின் விளிம்பு மார்டினிக்கு மெலிசு. முதல் வெடியில் கூடு முன்னே ஓடாமல் வளையம் பின்னால் பிடித்துக்கொள்ளும். வெடித்ததும் கூடு விரிந்து, அந்தப் பின்வாயின் அச்சை அப்படியே வாங்கிக்கொள்ளும். அப்புறம் வளையம் தேவையில்லை.

மூன்றை அப்படிச் சுட்டுவிட்டு, நாலாவதைத் தோளில் வைத்தேன். அடி தள்ளியது, அறையவில்லை. கன கனமாக ஓர் உந்தல். வெள்ளைப் புகை முன்னால் திரண்டு குறியை மறைத்தது. கந்தக வாடை, தீபாவளி விடிகாலைத் தெரு வாடை. நான் காதுக்கவசத்தைக் கழற்றவில்லை, குறியைப் பார்க்கவில்லை. லீவரைக் கீழே அழுத்தினேன். அந்த நீண்ட லீவர் ஒரு தடங்கலும் இல்லாமல் இறங்கிற்று. கூடு பின்னால் சறுக்கி வெளியே வந்து பலகையில் விழுந்து உருண்டது. கழுத்து கறுத்திருந்தது. நான் அச்சில் செய்த மழுங்கிய தோள் இப்போது விளிம்பு தெரிய நின்றது. மேஜையில் இருந்த அந்தச் சாம்பல் வார்ப்பின் தோள் அச்சு அசலாக.

கருமருந்தின் கசடு ஈரத்தை இழுத்துப் பித்தளையை அரிக்கும். அதனால் சுட்ட கூடுகளைச் சுடுதளத்திலேயே சோப்புத் தண்ணீர் டப்பாவில் போட்டுவிடுவேன். வீட்டில் புளி, அலசல், வெயில். ஆறு தடவை சுட்ட பிறகு பெரியப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். இருபதையும் ஜன்னல் திண்டில் வரிசையாக நிற்க வைத்திருந்தேன்.

"கீறல் விட்ருக்கா பாத்தியா?"

"பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்துட்டேன் பெரியப்பா. ஒண்ணும் தெரியல."

"கண்ணுக்குத் தெரியாதுடா. கொடம் வாங்கறவன் என்ன பண்ணுவான்? தட்டிப் பாப்பான். நீயும் தட்டு, நான் கேக்குறேன்."

போனைத் திண்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக விளிம்பைப் பிடித்துத் தூக்கி, பென்சிலால் தட்டினேன். டிங். டிங். டிங். சின்ன மணி மாதிரி, ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லாமல். பதினாலாவதைத் தட்டினேன். டொக் என்றது.

"அத எடுத்துத் தனியா வையி," என்றார்.

அரத்தால் நெடுகப் பிளந்து பார்த்தேன். கழுத்தின் உட்பக்கம், நகத்தின் நீளத்துக்கு, மயிரைவிட மெல்லிய ஒரு கோடு.